வயலெலியும் வளையறிந்த மாந்தரும்

கதிர் முற்றி அறுவடையை நோக்கி நிற்கும் வயலுக்கு ஒரு காலைப்பொழுதிலே செல்லும் கமக்காரன், முதல்நாள் மாலையில் நிமிர்ந்து நின்ற பயிரின் ஒரு பகுதி தரையோடு சாய்ந்து கிடப்பதைக் காண்கின்றான். அரிவாள் பட்ட தாள் ஒழுங்காக வெட்டுண்டிருக்கும். இங்கே கிடக்கும் தாள்களோ சரிவாகக் கடியுண்டவை. பலவற்றிற் கதிரே இல்லை. சில அடி தூரத்தில், வரம்பின் சரிவிலே, ஈரம் உலராத புதுமண் குவிந்திருக்கின்றது. அம்மண்ணின் கீழே, இரவெல்லாம் உழைத்த அகழான், தான் சேர்த்த நெற்கதிர்களின் பக்கத்திலே பகலுறக்கம் கொள்ளுகின்றது.

இக்காட்சி மிகப் பழையது. மனிதன் தானியத்தை விதைத்துச் சேமிக்கப் பழகிய காலந்தொட்டு, எலியும் அவன் உழைப்பிற் பங்கு கேட்டு வந்திருக்கின்றது. மன்னர்களின் படையெடுப்புகளைக் கல்லிலும் ஏட்டிலும் பொறித்து வைத்த வரலாறு, வயல் வரம்பிலே ஆண்டுதோறும் நிகழும் இந்தப் போரைப் பற்றி அதிகம் பேசவில்லை. எனினும் சென்ற இரு நூற்றாண்டுகளில் இப்போர் நடந்த விதத்தைத் தொகுத்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். எலியின் வாழ்க்கையை அறிந்து செய்த முயற்சிகள் பயன் தந்தன; அதனை அறியாது விரைந்து செய்தவை வேறொரு தீங்கிலே கொண்டுபோய் விட்டன. அவ்வறிவை நெடுங்காலம் காத்து வந்தவர்களோ, சமுதாயத்தின் கடைசிப் படியிலே நிறுத்தப்பட்ட எளிய மக்கள்.

முதலில் பகைவனை அறிதல் வேண்டும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வயலிலே வளை தோண்டி வாழும் எலியினங்கள் பல. சிறிய வயற்சுண்டெலியும் வெள்ளெலியும் அவற்றுட் சில. யாவற்றினும் மிக்க கேடு செய்வது அகழெலி அல்லது அகழான் எனப்படுவது. அகழ்தல் என்னும் தொழிலையே தன் பெயராகக் கொண்ட பிராணி அது. அதன் பெரிய உறவினமாகிய பெருச்சாளியை எல்லோரும் அறிவர். ஆங்கிலேயர் இவ்வினத்துக்கு வழங்கும் ‘பண்டிக்கூட்’ என்ற பெயர், பன்றியெலி எனப் பொருள்படும் தெலுங்குச் சொல்லிலிருந்து பிறந்தது.

அகழானின் வளை வெறும் துளையன்று. திட்டமிட்டுக் கட்டிய வீடு. உறங்குவதற்கு ஓர் அறையும் தானியம் சேர்ப்பதற்கு வேறு அறைகளும் அதிலுண்டு. ஆபத்து நேர்ந்தால் தப்பி ஓடுவதற்கென, மேலே மெல்லிய மண் மூடிய அவசர வாயில்களும் உண்டு. உள்ளே புகுந்த எலி வாயிலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். ஒரே வளையிலிருந்து கிலோக் கணக்கில் நெற்கதிர்கள் எடுக்கப்பட்டதுண்டு. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்து கொண்டேயிருப்பதால், பசியில்லாத வேளையிலும் அது எதையாவது கடித்துத் தேய்க்க வேண்டியிருக்கின்றது. கருக்கொண்டு ஏறத்தாழ மூன்று வாரங்களில் குட்டிகளை ஈனும். அக்குட்டிகளோ சில மாதங்களிலேயே தாமும் தாய்மையடையும். பயிர் பொதி கொள்ளும் பருவம் முதல் கதிர் முற்றும் பருவம் வரையிலான காலமே வயலெலி பெருகும் காலமாகும். இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுதல் நன்று. பின்னால் வரும் வெற்றிக்கும் தோல்விக்கும் காரணம் பெரும்பாலும் இதிலேதான் அடங்கியிருக்கின்றது.

இவ்வீட்டின் அமைப்பை நூல்களில் எழுதப்படுவதற்கு முன்னரே அறிந்திருந்தவர்கள் இருளர்கள். தமிழகத்தின் செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம், விழுப்புரம் ஆகிய பகுதிகளில் வாழும் பழங்குடியினர் அவர்கள். பாம்பு பிடிப்பதிலும் எலி பிடிப்பதிலும் அவர்களுக்கு நிகரானோர் அரியர். வரம்பிலே கிடக்கும் மண்ணின் ஈரத்தைப் பார்த்து, வளையிலே எலி இருக்கின்றதா, வெளியேறிவிட்டதா என்று கூறுவர். பிரதான வாயில் எது, தப்பும் வாயில் எது எனக் கண்டு, தப்பும் வாயில்களை முதலில் அடைத்துவிடுவர். பின்னர் அடியிலே துளையிட்ட மட்பானையில் வைக்கோலும் இலைச்சருகும் இட்டு மூட்டி, பானையின் வாயை வளையின் வாயோடு பொருத்தி, துளைவழியே வாயினால் ஊதுவர். புகை உள்ளே சென்று நிறைந்ததும் கடப்பாரையினால் வளையை அகழ்ந்து, மயங்கிக் கிடக்கும் எலிகளைக் கையாலேயே எடுத்துவிடுவர்.

அவ்வாறு பிடித்த எலி அவர்களுக்கு உணவாயிற்று. வளையிலிருந்து எடுத்த நெல்லும் அவர்களின் உலைக்குச் சென்றது. நிலவுடைமையாளனுக்குப் பயிர் காப்பாற்றப்பட்டது. நிலமற்ற இருளனுக்கு ஒரு வேளைச் சோறு கிடைத்தது. ஆயினும் அவன் ஊதிய புகையில் ஒரு பங்கு அவன் நெஞ்சுக்குள்ளேயே சென்றது என்பதை அக்காலத்தில் எவரும் கருதிப் பார்த்திலர்.

காவிரி பாயும் தஞ்சை மண்ணிலே வேறொரு கலை வளர்ந்தது. மூங்கிலை வளைத்து வில்லாக்கி, நாண் பூட்டி, இரையின் மேல் எலி வாய் வைத்த கணத்தில் அதன் கழுத்தை நெரிக்கும்படி அமைத்த பொறிக்குக் கிட்டி என்று பெயர். எலி பிடிப்பதையே தொழிலாகக் கொண்டோர் மாலையிலே கிட்டிகளைச் சுமந்து வந்து, எலி நடமாடும் தடங்களைத் தேர்ந்து, வரிசையாக நட்டு, விடியலில் வந்து எடுப்பர். தஞ்சாவூர்க் கிட்டி என்ற பெயரோடு இப்பொறி வேளாண்மை நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. நஞ்சும் இல்லை, பெருஞ்செலவும் இல்லை. எலியின் பாதை எது என்று அறிந்த கண் மட்டும் வேண்டும்.

இலங்கையிலே எலியின் படையெடுப்பைப் பற்றிய குறிப்பிடத்தக்க பதிவு கோப்பித் தோட்டக் காலத்திலிருந்து கிடைக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைநாட்டுக் காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பி நடப்பட்டபோது, காட்டிலே வாழ்ந்த ஒருவகை எலி தோட்டங்களுக்குள்ளே கூட்டங் கூட்டமாகப் புகுந்து கோப்பிச் செடியின் அரும்பையும் பூவையும் நாசஞ் செய்தது. 1859ஆம் ஆண்டில் இலங்கையைப் பற்றிய பெருநூலை வெளியிட்ட சேர் எமேர்சன் தெனன்ற், ஒரே தோட்டத்தில் ஒரு நாளில் ஆயிரம் வரையிலான எலிகள் கொல்லப்பட்ட செய்தியைக் குறித்துள்ளார். தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் அவ்வெலிகளைத் தேங்காயெண்ணெயிற் பொரித்தும் கறியாக்கியும் உண்டனர் என்பதும் அவர் தரும் செய்தியே. காட்டிலே நிலு என்னும் செடியின் விதையை உண்டு வாழ்ந்த எலி, அவ்வுணவு பொய்த்தபோது தோட்டத்தை நாடிற்று என்பது அவர் கூறும் விளக்கம். எலி எங்கிருந்து வந்தது என்பதோடு, ஏன் வந்தது என்ற கேள்வியும் அங்கே எழுந்தது.

அக்கேள்வியைக் கேட்காது குறுக்குவழியை நாடியவர்களின் கதை, அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பாலுள்ள யமேக்காத் தீவிலே நிகழ்ந்தது. அங்கே கரும்புத் தோட்டங்களுக்கு எலி பெருஞ் சேதம் விளைத்து வந்தது. எஸ்பியூற் என்னும் தோட்டத் துரை, கீரி எலியைக் கொல்லும் என்று கேள்வியுற்று, 1872ஆம் ஆண்டில் கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளை வரவழைத்தார். தொடக்கத்தில் வியக்கத்தக்க பயன் விளைந்தது. எலிகள் குறைந்தன; துரைமார் மகிழ்ந்தனர்; அயல் தீவுகளும் கீரியை நாடின. 1883ஆம் ஆண்டில் யமேக்காவிலிருந்து ஹவாய்த் தீவுகளுக்கும் கீரி சென்றது.

ஆனால் கீரி பகலிலே வேட்டையாடும் பிராணி; எலியோ இரவிலே இரைதேடும் பிராணி. எலி எளிதிற் கிடைக்காத போது கீரி கோழிக்குஞ்சையும், நிலத்திலே கூடு கட்டும் பறவைகளின் முட்டையையும், பல்லி, ஓணான், பாம்பு முதலியவற்றையும் தின்னத் தொடங்கிற்று. இருபது ஆண்டுகள் கழிவதற்குள் காப்பாளனாக வந்த கீரியே அத்தீவின் பெருந்தொல்லையாயிற்று. பிறந்த நாட்டிலே அளவோடு வாழ்ந்த ஓர் உயிர், அயல் நாட்டிலே அளவு கடந்தது. எலியோ அழியவில்லை.

இருபதாம் நூற்றாண்டிலே மனிதன் நம்பிய ஆயுதம் நஞ்சு. சிங்க் பொஸ்பைட் என்னும் கருஞ்சாம்பல் நிறத் தூளைத் தானியத்தோடு கலந்து வைத்தால், அது எலியின் இரைப்பையிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து நச்சுவாயுவாக மாறி அதனைக் கொல்லும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வேறு நஞ்சுகள் கிடைப்பது அரிதானபோது இதன் பயன் பெருகிற்று. ஆயினும் எலி சந்தேகம் மிகுந்த பிராணி. புதிய உணவைச் சிறிதளவே உண்டு பார்க்கும். அச்சிறிதளவு கொல்லாது நோய் மட்டும் செய்துவிட்டால், பிழைத்த எலி அவ்வுணவை மறுபடி தீண்டாது. ஆகவே நஞ்சு கலவாத இரையைச் சில நாள் வைத்துப் பழக்கிய பின்னரே நஞ்சிட வேண்டும் என்பதை வேளாண்மையறிஞர் வலியுறுத்தினர். அவசரக்காரன் வைத்த நஞ்சை அகழான் தொடவில்லை. அவன் வீட்டுக் கோழியும் நாயுமே தொட்டன.

இதற்கு மாற்றாகத் தோன்றிய மருந்தின் கதை கேட்கச் சுவையானது. 1920ஆம் ஆண்டுகளில் வட அமெரிக்காவிலே பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர் என்னும் புல்லைத் தின்ற மாடுகள், சிறு காயத்தாலும் இரத்தம் உறையாது மாண்டன. 1933ஆம் ஆண்டு மாசி மாதத்துக் கடும் பனிப்புயலில், விஸ்கொன்சின் மாநிலத்து விவசாயி ஒருவர், செத்த பசுவையும், கெட்டுப்போன புல்லையும், உறையாத இரத்தம் நிறைந்த பாற்கலத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். கார்ல் போல் லிங்க் என்னும் இரசாயன அறிஞரும் அவர்தம் மாணவரும் அவ்விரத்தத்தின் மருமத்தை ஆராயத் தொடங்கினர். நோய்க்குக் காரணமான பொருள் 1939ஆம் ஆண்டில் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் வழியில் ஆக்கப்பட்ட வார்பரின் என்னும் எலிநஞ்சு 1948ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது.

வார்பரின் மெல்லக் கொல்லும் நஞ்சு. நோய் தோன்றுவதற்குச் சில நாள் ஆவதால், எலிக்கு இரையின்மேல் ஐயம் உண்டாவதில்லை. எலியின் இயல்பை அறிந்து செய்த முறையாதலால் அது பெருவெற்றி பெற்றது. அதே பொருள் அளவறிந்து கொடுக்கப்பட்டபோது மனிதரின் இரத்தக்கட்டி நோய்க்கு மருந்துமாயிற்று. 1955ஆம் ஆண்டில் இருதய நோயுற்ற அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கும் அது அளிக்கப்பட்டது. எனினும் பத்தாண்டு நிறைந்த 1958ஆம் ஆண்டிலேயே, ஸ்கொத்லாந்திலே வார்பரினைத் தின்றும் மாளாத எலிகள் காணப்பட்டன. பின்னர் 1970ஆம் ஆண்டுகளில் அதனினும் கடுமையான நஞ்சுகள் ஆக்கப்பட்டன. அவற்றைத் தின்று தளர்ந்த எலியைப் பிடித்துண்ட கூகையும் பருந்தும் தாமும் நஞ்சேறி மடியும் நிலை உண்டாயிற்று. எலிக்கு எதிரான போரிலே மனிதனின் துணைப்படை அவன் கையாலேயே அழிந்தது.

இதே காலத்தில் ஆசியாவின் வயல்களிலும் பெரிய மாற்றம் நிகழ்ந்து கொண்டிருந்தது. 1966ஆம் ஆண்டில் ஐ.ஆர். 8 என்ற குறுகிய பயிர் நெல்லினம் வெளியிடப்பட்டது. அதனைத் தொடர்ந்து குறுகிய காலத்தில் விளையும் இனங்களும், நீர்ப்பாசன வசதியும் பெருகின. ஒருபோகம் விளைந்த நிலம் இருபோகம் விளைந்தது. சில இடங்களில் முப்போகமும் விளைந்தது. பசியைப் போக்கிய பெருமாற்றம் அது. ஆயினும் அயலவர் ஒவ்வொருவரும் வெவ்வேறு நாளிலே விதைத்த இடங்களில், ஒரு வயல் அறுவடையாகும் வேளையில் அடுத்த வயல் பொதி கொண்டு நின்றது. முன்னர் ஆண்டிலே சில வாரங்களே நிறைந்த உணவு பெற்ற வயலெலிக்கு இப்போது மாதக்கணக்காக விருந்து நீண்டது. உணவு நீண்டபோது குட்டி ஈனும் காலமும் நீண்டது.

அவ்விருந்தைக் கட்டுப்படுத்தக்கூடிய ஒரு காவலன் வயலிலே இருந்தான். எலியின் வளைக்குள்ளேயே புகுந்து அதனை உண்ணவல்ல பாம்பே அக்காவலன். ஆனால் மேல்நாட்டுச் சந்தைகளிலே பாம்புத்தோலாற் செய்த கைப்பைக்கும் காலணிக்கும் பெருவிலை இருந்தது. அதனால் இருபதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவிற் பாம்புகள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டன. அத்தோலைத் திரட்டிக் கொடுத்தவர்களும் இருளர்களே. வயலைக் காத்த கை, வறுமையின் காரணமாக வயற்காவலனைக் கொல்லும் கையாயிற்று. ஆதாயத்தின் பெரும்பகுதி வியாபாரியைச் சேர்ந்தது. பிடித்தவனுக்குச் சில்லறையே கிடைத்தது.

1972ஆம் ஆண்டில் இந்தியாவில் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. 1976ஆம் ஆண்டிலே பாம்புத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. பாம்புகளுக்கு அது நற்செய்தி. இருளர் குடிசைகளுக்கோ அடுப்பணைந்த செய்தி. காடு அவர்களுக்கு அடைபட்டிருந்தது. நிலமோ அவர்களுக்கு இருந்ததில்லை. இந்நிலையில், பாம்பியல் அறிஞர் ரொமுலஸ் விட்டேக்கரின் துணையோடு, 1978ஆம் ஆண்டில் மாமல்லபுரத்துக்கு அணித்தான வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நால்வகைப் பாம்புகளைப் பிடித்து, சில வாரம் பேணி, நஞ்சைக் கறந்து, அடையாளமிட்டு, மீண்டும் காட்டிலே விட்டுவிடுதல் அச்சங்கத்தின் தொழில். கொல்வதற்குப் பயன்பட்ட அறிவு, பாம்பையும் மனிதனையும் காப்பதற்குப் பயன்படலாயிற்று.

அந்த நஞ்சிலிருந்தே இந்தியாவின் பாம்புக்கடி மாற்றுமருந்து பெரும்பாலும் ஆக்கப்பட்டு வந்துள்ளது. இலங்கையின் வைத்தியசாலைகளிலும் நீண்ட காலமாக இந்தியாவில் ஆக்கப்பட்ட மாற்றுமருந்தே பயன்பட்டு வந்திருக்கின்றது. எலியைத் தேடி வரம்பிற்கு வந்த விரியனை மிதித்துக் கடியுண்ட கமக்காரன் ஒருவன் உயிர்பிழைத்து வீடு திரும்பும்போது, கடல் கடந்த ஓர் இருளனின் கைத்திறனுக்கும் அவன் கடமைப்பட்டவனாகின்றான். 2023ஆம் ஆண்டில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவர்க்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. நெடுங்காலம் தாழ்வாக எண்ணப்பட்ட ஒரு கலைக்குக் கிடைத்த மதிப்பு அது.

எலி பிடிக்கும் தொழிலிலும் ஒரு சிறு மாற்றம் உண்டாயிற்று. இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே, வாயினால் ஊதும் மட்பானைக்குப் பதிலாக, கையாற் சுழற்றிப் புகையைச் செலுத்தும் உலோகக் கருவி ஒன்று இருளர்க்கு வழங்கப்பட்டது. தீப்புண்ணும் நெஞ்சுநோயும் அவர்களைவிட்டு நீங்குவதற்கு அது வழிசெய்தது. நஞ்சினாலாகாத வேலை அவர்களின் முறையினால் ஆவதற்குக் காரணம் தெளிவு. நஞ்சு வைப்பவன் எலி வந்து உண்ணட்டும் என்று காத்திருக்கின்றான். இருளனோ எலி இருக்கும் இடத்தை அறிந்து அங்கே செல்கின்றான். தாயையும் குட்டிகளையும் ஒருங்கே எடுத்துவிடுகின்றான். புதைந்த நெல்லையும் மீட்டுத் தருகின்றான்.

பழைய அறிவின் இந்த நெறியையே புதிய ஆராய்ச்சியும் வந்து அடைந்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் மலேசியா, இந்தோனேசியா, வியட்நாம் ஆகிய நாடுகளிலே ஆராயப்பட்ட ஒரு முறையைச் சான்றாகக் கூறலாம். ஊர் வயல்களின் நடுவே ஒரு சிறு பாத்தியில் ஏனையோர்க்கு இரண்டு மூன்று வாரம் முந்தி நெல்லை நடுவர். சுற்றிலும் பிளாஸ்ரிக் விரிப்பால் வேலியிட்டு, வேலியின் அடியிலே சிறு துளைகள் விட்டு, ஒவ்வொரு துளைக்கும் உட்புறத்தில் ஒரு கூட்டுப் பொறியை வைப்பர். முந்தி விளையும் பயிரின் மணத்தை நாடி எலிகள் தாமாகவே வந்து சிக்கும். ஏறத்தாழ இருநூறு மீற்றர் தூரம்வரை அயல் வயல்களும் இதனால் நலம்பெறும். ஆயின் இம்முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஊரார் யாவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் விதைத்தல் வேண்டும். பொறியைக் காக்கும் பொறுப்பையும் செலவையும் பகிர்ந்து கொள்ளுதல் வேண்டும். ஒருவன் தன் வயலை மட்டும் காக்க முயன்றால், அயலவன் வயலிலே பெருகிய எலி அடுத்த கிழமையே அவனிடம் வந்துவிடும். வரம்பு மனிதனுக்கு எல்லை. எலிக்கு அது வீடு.

இந்நிபந்தனை இலங்கைக் கமக்காரர்க்குப் புதியதன்று. குளத்து நீரை நம்பிய கிராமங்களிலே, போகம் தொடங்குமுன் ஊரார் ஒன்றுகூடி, விதைப்பு நாளையும் நீர்விடும் நாளையும் வேலியடைக்கும் நாளையும் தீர்மானித்தல் பழைய வழக்கம். முற்காலத்தில் வட்டவிதானைமார் அத்தீர்மானத்தை நிறைவேற்றினர். பிற்காலத்தில் கமக்காரர் அமைப்புகள் அப்பொறுப்பை ஏற்றன. நீரைச் சிக்கனமாகப் பங்கிடுவதற்கென ஏற்பட்ட அவ்வொழுங்கு, எலியின் விருந்துக் காலத்தையும் தன்னையறியாமலே சுருக்கி வைத்தது. ஒரே நாளில் விதைத்த ஊரிலே ஒரே காலத்தில் அறுவடை முடிந்தது. அதன்பின் எலிக்குப் பட்டினிக் காலம் வந்தது.

எலியை அடக்குதல் நெல்லைக் காப்பதோடு நிற்பதன்று. வயல் நீரிலே எலியின் சிறுநீர் கலப்பதனாற் பரவும் எலிக்காய்ச்சல், 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோரைப் பீடித்ததாக ஐயுறப்பட்டது. உயிர்நீத்தோரும் பலர். காலிலே சிறு காயத்தோடு சேற்றில் இறங்கிய உழவனே அந்நோய்க்கு முதலில் இரையாகின்றான். எனவே வரம்பைக் குறுகலாகக் கட்டி, களை மண்டாது வைத்து, பயிர் பொதி கொள்வதற்கு முன்னரே ஊரெல்லாம் ஒருநாளிற் கூடி வளைகளை அகழ்தல், களஞ்சியத்தோடு உயிரையும் காக்கும் பணியாகும்.

கூகையின் குரலை அபசகுனம் என்று கல்லெறிந்து கலைத்தவர்களும், சாரைப்பாம்பைக் கண்டவுடனே தடியெடுத்தவர்களும், எலி பிடிப்பவனை வாசலுக்கு வெளியே நிறுத்திக் கூலியை எறிந்தவர்களும், தம் களஞ்சியத்தின் காவலரையே பகைத்தவர்களாவர். அடுத்த போகத்தின் தொடக்கக் கூட்டத்திலே விதைப்பு நாளும் நீர்விடும் நாளும் குறிக்கப்படும்போது, வளை அகழும் நாள் ஒன்றும் அவற்றோடு குறிக்கப்படுமாயின், அக்காவலர்க்கு ஊர் செலுத்தவேண்டிய கடனில் ஒரு சிறு பகுதியேனும் தீரும்.